நான்கு குடுக்கைச் சாமை

கொல்லிமலையில் நான் வாத்தியாரம்மாவாக இருந்தது மூன்றே வருஷம். அதில் ஒரு வைகாசிக் காலையில் ஒரு மனிதர் என் முன்னால் கோணிப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சில் யாருக்கும் சளைக்காதவள் நான். அன்றைக்கு அவர் கேட்ட ஒரு கேள்வி என் வாயை அடைத்துவிட்டது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா சேலத்தில் பாதிரி சாமியார் பங்களாவில் சமையல் செய்கிற குசினிக்காரர். பாட்டன் காலத்திலிருந்தே நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள். தானியம் என்றால் எங்கள் வீட்டில் அது அடுப்புக்குப் போகிற பொருள். மண்ணுக்கும் போகும் என்பது நான் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட சங்கதி. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்து, வாத்தியார் பயிற்சியும் முடித்து, இருபத்து மூன்றாவது வயதில் மலை ஏறினேன். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. மண்ணெண்ணெய்கூட அளந்துதான் கிடைக்கும். மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்தில் விடிகாலையில் கால் வைத்தால், வாழவந்தி நாட்டில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும்.

பள்ளிக்கூடம் என்றால் மண்சுவர், புல்கூரை, ஒரு பக்கம் பூசை வைக்கிற பீடம். ஞாயிற்றுக்கிழமை அதுவே கோயில். சாமியார் வெள்ளைக்காரர், வயதானவர். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நடந்தே ஏறி வந்து பூசை வைத்துவிட்டு இறங்குவார். மற்றபடி எல்லாம் நான்தான். பாடம் நடத்துவது நான், ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது நான், காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுப்பது நான், அதட்டுவதும் நான். எதில் குறை வைத்தாலும் அதட்டுவதில் நான் குறை வைத்ததில்லை.

பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் ஒன்றே ஒன்றுதான். அப்பன், அம்மா, ஒன்பது வயதுப் பெண். அந்தப் பெண்ணுக்கு மலைக்காய்ச்சல் கண்டு, இனிப் பிழைக்காது என்று கைவிட்ட நிலையில் சாமியார் மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டாராம். பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் அப்பன், எம்புள்ளையக் குடுத்த சாமிதான் இனிமே எனக்குச் சாமி என்று சொல்லிவிட்டார். வீட்டோடு ஞானஸ்நானம் ஆயிற்று. இதெல்லாம் நான் போவதற்கு முன்பு நடந்தது.

அவருடைய சொந்த அண்ணன்தான் ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர். தம்பி குலசாமியை விட்டுவிட்டான் என்றதும் ஊர் கூடியது. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் அண்ணனே. அந்த வீட்டுக்கு நெருப்புக் கொடுக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, தானியம் கொடுக்கக் கூடாது, சாமி காரியத்தில் சேர்க்கக் கூடாது என்று சொந்தத் தம்பிக்கு அவரே வாய் திறந்து சொன்னார். இருவர் காட்டுக்கும் நடுவில் இருந்தது முழங்கால் உயரக் கல் வரப்பு ஒன்றுதான். அதற்கு இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அண்ணன். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

எனக்கும் அந்த அண்ணனுக்கும் ஆகாது. நான் போன முதல் வருஷம் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். நாற்பது நாற்பத்தைந்து வயது, புகையிலை அடக்கிய கன்னம், சிடுசிடுத்த முகம். ஊரில் சாமி கும்பிடு, தம்பியைத்தான் தள்ளிவைத்தது, பிள்ளை என்ன பாவம் செய்தது, ஒரு பொழுது அனுப்புங்கள் என்று கேட்டார். கேட்டதே அவருக்குப் பெரிய இறக்கம் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு வந்ததே கோபம். பேய்க்குப் படைக்கிற இடத்துக்கு ஞானஸ்நானம் வாங்கின பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று பதினெட்டுப் பிள்ளைகள் காதிலும் விழும்படி கத்தினேன். அவர் புகையிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். அதை நான் பெரிய வீரச்செயலாகச் சாமியாரிடம் சொன்னேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே மகளே என்றார் அவர். இவருக்கு வயதாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வருஷம் நோன்பு இருக்கிற தபசுக் காலம் வந்தது. எங்கள் சேலத்துப் பங்கில் தபசு நாற்பது நாளும் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைப்பார்கள். சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, கடைசியில் கோயிலில் சேர்த்தால், ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளன்று ஏழைகளுக்குச் சோறு ஆக்குவார்கள். அதே வழக்கத்தை மலையிலும் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த வருஷம் அடிவாரத்தில் மழை பொய்த்துப் போய், ஜனங்கள் கிழங்கு தோண்டித் தின்பதற்காகக் குடும்பம் குடும்பமாக மலை ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் திருநாளன்று வயிறாரக் கஞ்சி ஊற்றலாம் என்று திட்டம் போட்டேன். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மண்பானையை வைத்துப் பிள்ளைகளிடம் பிரசங்கமே செய்தேன். வீட்டில் மிஞ்சினதைக் கொண்டுவராதீர்கள், இருப்பதிலேயே நல்லதை ஆண்டவருக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது, யாரும் என்ன கொடுத்தேன் என்று வெளியே சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். எவ்வளவு நன்றாகப் பேசினேன் என்று எனக்கே ஒரு பூரிப்பு.

பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். ஒரு கை ராகி, ஒரு கை தினை, இலையில் மடித்த துவரை. ஒருநாள் அந்த ஒன்பது வயதுப் பெண் ஒரு சுரைக்குடுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். நல்ல பெரிய குடுக்கை. வாயைச் சாணி வைத்து மெழுகி அடைத்திருந்தது. சாணி உடைத்துக் கவிழ்த்தால் உள்ளே சாமை, கூடவே சாம்பல். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. ஆண்டவருக்குக் கொடுக்கிறதைச் சாம்பலோடா கொண்டுவருவது, இதுதான் உங்கள் வீட்டில் தருமமா என்று கேட்டு, முறத்தைக் கையில் கொடுத்து அவளையே புடைக்கச் சொன்னேன். அவள் வாசலில் உட்கார்ந்து சாம்பல் போகப் புடைத்து, பானையில் கொட்டிவிட்டுப் போனாள். மறுநாள் இன்னொரு குடுக்கை. அடுத்த நாள் இன்னொன்று. நான்கு நாளில் நான்கு குடுக்கை. ஒவ்வொரு நாளும் முறத்தை எடுத்துக்கொண்டு தானாகவே வாசலுக்குப் போய்விடுவாள்.

ஊரை விட்டுத் தள்ளிவைத்த குடும்பம் இவ்வளவு கொடுக்கிறதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. விசுவாசம் என்றால் இதுவல்லவா விசுவாசம் என்று சாமியாருக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன்.

பாஸ்குத் திருநாளன்று இரண்டு அண்டா வைத்துப் பானையில் இருந்ததையெல்லாம் உமி போகக் குத்தி, கழுவிக் கொட்டிக் கஞ்சி காய்ச்சினேன். குசினிக்காரர் மகள் அல்லவா, கைப்பக்குவத்தில் குறை இல்லை. அடிவாரத்து ஜனம் அறுபது பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தது. சாமியார் தம் கையால் ஊற்றினார். அந்தப் பெண்ணின் அப்பனும் அம்மாவும் வந்து பரிமாறி, கடைசியில் தாங்களும் வாங்கிக் குடித்தார்கள். நானும் இரண்டு கரண்டி குடித்தேன். சாமை நன்றாகக் குழைந்து ருசியாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்தப் பெண் மட்டும் கிண்ணத்தைத் தொடவில்லை. வயிற்றை வலிக்கிறது என்றாள். திருநாளும் அதுவுமாக அழுகிற மூஞ்சியோடு நிற்கிறாயே என்று அதற்கும் ஒரு அதட்டல் போட்டேன்.

இப்போது அந்த வைகாசிக் காலைக்கு வருகிறேன். முந்தின இரவெல்லாம் நல்ல மழை. விடிந்ததும் மண்வாசனையும் அட்டைப்பூச்சியுமாகப் பாதை நனைந்து கிடந்தது. அந்தப் பெண்ணின் அப்பன் வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கழுத்தில் மாதா படம் பொறித்த சுரூபம் தொங்க, முகமெல்லாம் சிரிப்பு. பீடத்தைப் பார்த்து முழங்கால் போட்டுக் கும்பிட்டுவிட்டு, கோணிப்பையை விரித்து என் முன்னால் பிடித்தார்.

"மழை வந்துருச்சுங்க வாத்தியாரம்மா. வெதையக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே வெதச்சுப்புடுவேனுங்க."

எந்த விதை என்றேன். நம்ம விதைதாங்க, பாப்பா கொண்டாந்து வைத்த நாலு குடுக்கை என்றார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் சிரித்தபடியே விளக்கிச் சொன்னார். அவர்கள் ஊரில் மழை விழுந்ததும் வீட்டுக்கு வீடு விதையைக் கொண்டுபோய் சாமி முன்னால் கொட்டுவார்களாம். எல்லா வீட்டு விதையும் ஒரே குவியலாகக் கலக்கும். சாமி காலடியில் அது மூன்று நாள் இருக்கும். பிறகு பூசாரி அவரவர் கொடுத்த அளவுக்கு அள்ளிக் கொடுப்பார். அதைக் கொண்டுபோய் விதைத்தால்தான் வெள்ளாமை. தள்ளிவைத்த வீட்டு விதையைக் குவியலில் சேர்க்க மாட்டார்கள். இரண்டு வருஷம் கும்பிடாமலேயே விதைத்தாராம், விளைச்சல் அரைகுறை. இந்த வருஷம் நம்ம சாமியும் பானை வைத்துக் கேட்கிறது, நல்லதாகக் கொண்டுவரச் சொல்கிறது, எல்லார் வீட்டுத் தானியத்தையும் ஒன்றாகக் கலக்கிறது என்று மகள் வந்து சொன்னபோது புருஷனும் பெண்சாதியும் அழுதுவிட்டார்களாம். வீட்டில் இருந்த விதை அத்தனையும் அந்த நான்கு குடுக்கைதான். திருநாள் கஞ்சி வேறு தானியம் என்றே அவர் நினைத்திருக்கிறார்.

விதையைச் சாணி வைத்து மெழுகி அடைப்பார்கள், புழு விழாமல் இருக்கச் சாம்பல் கலப்பார்கள் என்பது ஏர் பிடிக்கிற வீட்டில் தவழுகிற குழந்தைக்குத் தெரியும். வாத்தியார் பயிற்சி முடித்த எனக்குத் தெரியவில்லை. விதையை முறத்தில் புடைக்கச் சொன்னேனே. அந்தப் பிள்ளை சாம்பலைப் புடைத்துக்கொண்டே என்ன நினைத்திருப்பாள்? தன் கண் முன்னாலேயே அது அண்டாவில் வெந்ததைப் பார்த்துவிட்டு, வாத்தியாரம்மா வெளியே சொல்லக் கூடாது என்று சொன்னதற்காகப் பெற்றவர்களிடம்கூட வாய் திறக்கவில்லையே, அட கடவுளே.

சொல்லித்தானே ஆக வேண்டும். விதை இல்லை, கஞ்சி காய்ச்சிவிட்டோம், நீங்களும் குடித்தீர்கள், நானும் குடித்தேன் என்று சொன்னேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோணிப்பையை மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார்.

"அப்ப இந்தச் சாமி திருப்பிக் குடுக்காதுங்களா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். பேச்சு வந்த நாளிலிருந்து ஜெபம் சொல்லிவந்த என்னிடம் கேட்டார்.

அந்த மழைக்குள் விதைத்தாக வேண்டும். ஈரம் காய்ந்தால் போயிற்று. விதைக்காவிட்டால் தையில் அறுப்பு இல்லை, அந்த வீட்டில் அடுப்பு எரியாது. என்னிடம் இருந்தது அரை மூட்டை அரிசி. அரிசி முளைக்காது என்ற அளவுக்கு எனக்கும் விவசாயம் தெரியும். அடிவாரத்தில் பஞ்சம், அங்கே விதை ஏது? சாமியார் வர இன்னும் பத்து நாள். ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும், கவுண்டர் போட்ட கட்டு இருக்கிறது, தர மாட்டார்கள். கட்டுப் போட்டவரிடமே போவதைத் தவிர வேறு வழி இல்லை. யாருடைய சாமியைப் பேய் என்று சொன்னேனோ அவர் வாசலுக்கே போனேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போதாது என்று, அதைத் தட்டிவிடச் சொல்லி அவரிடமே போய் நின்றேன்.

அவர் கலப்பைக்கு ஆப்பு வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏனுங்க, பேய் இருக்கிற ஊட்டுக்கு வந்திருக்கீங்க என்றார். வாங்கிக்கொண்டேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் கை நின்றது. கடைசியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெதையத் தின்னுட்டீங்களா என்று மெல்லக் கேட்டார். பஞ்சத்தில் பிள்ளையைப் பட்டினி போட்டாலும் விதையில் கை வைக்க மாட்டார்கள் அந்த மலையில். விதையைத் தின்றவன் என்பது அங்கே வாயில் வைக்கக் கூடாத வசவு.

ஆப்பைக் கீழே வைத்துவிட்டு, நாளை மறுநாள் ஊர் விதை சாமிக்குப் போகிறது, நான்காம் நாள் எனக்கு வருகிறதில் பாதியைத் தம்பிக்குத் தருகிறேன், ஊர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். காலில் விழாத குறைதான். ஓடினேன். வழுக்குகிற பாதையில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்து ஓடினேன். தம்பி வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அண்ணன் மேல் வருத்தம் இல்லை, ஆனால் சாமி காலடியில் வைத்து எடுத்த விதை தனக்கு ஆகாது என்றார். பேய்க்குப் படைத்ததைத் தொட்டால் நரகம் என்று ஞானோபதேசத்தில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். பசி நேரத்தில் அதெல்லாம் பார்க்க வேண்டாம், ஆண்டவர் மன்னிப்பார், வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யிங்களா?"

பொய் என்றும் சொல்ல முடியவில்லை, மெய் என்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதைக் கொடு என்றேன், கொடுத்தார்கள். வெளியே சொல்லாதே என்றேன், சொல்லவில்லை. தொடாதே என்றேன், தொட மாட்டேன் என்கிறார். நான் சொன்ன ஒன்றைக்கூட அவர்கள் தட்டவில்லை. மலையில் என்னைவிட ஒழுங்கான வேதக்காரர்கள் அவர்கள்தான். அந்த ஒழுங்கே அவர்களைப் பட்டினி போடப் போகிறது என்று நினைத்தபோது எனக்கு என் வாய் மேலேயே வெறுப்பு வந்தது.

மறுபடி அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். ஓட முடியவில்லை. இந்தத் தடவை அவர் கத்துவார், தம்பியோடு சேர்த்து என்னையும் ஏசுவார் என்றுதான் போனேன். சாமியில் வைத்த விதையை வேண்டாம் என்று சொன்னது அவருடைய சாமிக்கே அவமானம் அல்லவா. சொல்லி முடித்துவிட்டுத் தலை குனிந்து நின்றேன். அவர் வாயில் இருந்த புகையிலையை எடுத்து எறிந்தார். வீட்டுக்குள் போனார். குலுக்கையிலிருந்து தானியம் சரிகிற சத்தம் கேட்டது. ஒரு கூடை நிறையச் சாமையோடு வெளியே வந்தார். ஊர்க் குவியலுக்குப் போகாத, சாமி பார்க்காத விதை.

அவருடைய பெண்சாதி கதவைப் பிடித்துக்கொண்டு அய்யோ என்றாள். சாமிக்கு வைக்காத விதை வாசற்படி தாண்டினால் அந்த வீட்டுக்கே ஆகாதாம். அதிலும் ஊர்க் கவுண்டர் வீட்டு விதை. அவள் அழுதுகொண்டே அதை என்னிடம் சொன்னாள். நான் பதறிப் போய், வேண்டாம், உங்கள் சாமிக்குக் கோபம் வரும் என்றேன். யார் வாயிலிருந்து என்ன வார்த்தை வருகிறது என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

அவர் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே பேசினார்.

"எஞ்சாமிக்குக் கோவம் வந்தா எப்படித் தணிக்கறதுன்னு எனக்குத் தெரியும் வாத்தியாரம்மா. எங்கப்பன் சொல்லிக் குடுத்திருக்கான். உங்க சாமிக்குக் கோவம் வந்தா எப்படித் தணிக்கறதுன்னு எந்தம்பிக்கு நீங்க சொல்லிக் குடுக்கலையே. பயப்பட மட்டுந்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

பட்டப்பகலில், ஊர் பார்க்க, நடுத்தெரு வழியே போனார். நான் பின்னால் போனேன். கல் வரப்பைத் தாண்டித் தம்பியின் காட்டுக்குள் கால் வைத்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. தம்பி எழுந்து நின்றார். சாமிக்கு வெக்காதது என்று மட்டும் அண்ணன் சொன்னார். தம்பிக்கு அதன் அர்த்தம் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் முகம் செத்துப் போயிற்று. கூடையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. அண்ணனே மடியில் அள்ளி முதல் பிடியை மண்ணில் வீசினார். இரண்டாவது பிடிக்குத் தம்பியும் கூட நடந்தார். மேட்டிலிருந்து கீழ் வரைக்கும் விதைத்து முடித்தார்கள். நான் வரப்பின் மேல் உட்கார்ந்து, ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மணி கூடச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஊர் விதை சாமிக்குப் போயிற்று. ஊர்க் கவுண்டரின் கூடைதான் முதலில் கொட்ட வேண்டியது. கட்டை மீறிவிட்டார் என்று அன்றைக்கு ஊரார் அதைச் சேர்க்கவில்லை. எல்லைக்கல்லுக்கு வெளியே, பாதிக் கூடை விதையோடு அவர் நின்றார். தம்பிக்கு அவர் சொன்ன அதே தீர்ப்பு. நான் பள்ளிக்கூட மேட்டிலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தம்பி ஏறி வந்து கல்லுக்கு இந்தப் பக்கம் அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். உள்ளே மேளம் அடித்தது. இருவரும் கும்பிடவும் இல்லை, போகவும் இல்லை. மேளம் ஓய்கிற வரைக்கும் அப்படியே நின்றார்கள். அந்த வருஷம் தம்பியின் காடு பூராவும் முளைத்தது. அண்ணன் காட்டில் பாதி தரிசாகக் கிடந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஞானோபதேச வகுப்பு. புத்தகத்தில் அன்றைக்கு வந்த பாடம் மோட்சம். யார் போவார்கள், யார் போக மாட்டார்கள் என்று கேள்வியும் பதிலுமாக இருக்கும். ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்கு மோட்சம் இல்லை என்பது பதில். போன வருஷம் அதைப் பிள்ளைகளை நிற்கவைத்து மனப்பாடம் செய்யச் சொன்னவள் நான். அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம் என்று புரட்டினேன். அந்தப் பெண் எழுந்து நின்றாள். விதை விஷயத்துக்குப் பிறகு அவள் என்னிடம் முதன்முதலாகப் பேசியது அப்போதுதான்.

"எங்க பெரியப்பன் மோச்சத்துக்குப் போவாருங்களா?"

பதில் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அவளுக்கும் தெரியும். இவள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வாள், வீட்டில் போய்ச் சொல்வாள், அவள் அப்பன் அதை வைத்து வாழ்வார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அவர் போகலைன்னா நானும் போகலை, உட்காரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் உட்கார்ந்தாள். சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

அந்த வாரக் கடைசியில் சாமியார் ஏறி வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் விதையைக் கஞ்சி வைத்தது, பிள்ளையை அதட்டியது, அடுத்தவர் சாமியைப் பழித்தது, என் அகங்காரம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். மோட்சத்தைப் பற்றிச் சொன்னதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் எத்தனையோ சாமியார்களிடம் முழங்கால் போட்டிருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, செய்ததற்காக மனசு நொந்து மனஸ்தாபப்படவும் வேண்டும் என்பது விதி. இதற்கு மட்டும் எனக்கு மனஸ்தாபம் வரவே இல்லை.